புள்ளிக்காரி பார்த்த கடல்

சங்கு குளிக்கிற கஸ்பாரின் மண்டைக்குள் புள்ளிக்காரி என்று ஒருத்தி இருந்தாள். அவன் தவழத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு ஒரே வேலைதான். அவன் எங்கே நகர்ந்தாலும் அந்தத் தரை முழுவதும் புள்ளி வைப்பாள்.

ஊடுபுள்ளிக் கோலத்துக்கு வைப்பது மாதிரி வைப்பாள். ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு புள்ளி, அந்த ஆறில் ஒவ்வொன்றைச் சுற்றியும் மறுபடி ஆறு. வீட்டுத் தரையானாலும், கோயில் முற்றமானாலும், கடலடி மணலானாலும் அதே சீர், அதே இடைவெளி. கஸ்பார் ஒரு புள்ளியைக் கடக்கும்போது 'டக்' என்று ஒரு தட்டு தட்டுவாள். அடுத்ததைக் கடந்தால் இன்னொரு தட்டு.

அந்தத் தட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அடுத்த தெருவில் காவல்காரர்கள் இருந்தார்கள். எண்ணி மாளாத கூட்டம். ஆளுக்கு ஓர் இடம். ஒருவனுக்கு வீட்டு வாசற்படி, இன்னொருவனுக்குக் கடற்கரையில் வள்ளம் ஏற்றும் மேடு. கஸ்பார் அந்த இடத்துக்கு வந்தால் மட்டும் உரியவன் எழுந்து, "இங்க இருக்கான்! இங்க இருக்கான்!" என்று குரல் கொடுப்பான். கஸ்பார் நகர்ந்ததும் வாயை மூடிக்கொள்வான். அப்புறம் வருஷக் கணக்கில்கூடச் சும்மா இருப்பான்.

இப்படித்தான் கஸ்பாருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்துவந்தது. தெரிகிறது என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். யார் சொல்லித் தெரிகிறது என்பது தெரியாது.

புள்ளிக்காரிக்கு ஒரு குறை இருந்தது. அவள் எதையும் பார்த்ததில்லை. மண்டை ஓட்டுக்குள் எப்போதும் கும்மிருட்டு. வெளியே வெயில் கொளுத்தினாலும் அது உள்ளே சேதியாகத்தான் வரும், வெளிச்சமாக வராது. சேதி கொண்டுவருகிறவர்களில் கண்ணுக்குத்தான் பெரிய வாய்.

"நான் சொல்றத வச்சுப் பிழைக்கிறவ நீ" என்று கண் சொல்லும். "கடலப் பாத்திருக்கியா? அதோட நீலத்தப் பாத்திருக்கியா? நீ பாட்டுக்கு இருட்டுல உக்காந்து புள்ளி வைக்கிற. அதுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?"

புள்ளிக்காரி அடுத்த புள்ளியை வைப்பாள். ஆனால் அந்தக் கேள்வி அவளை அரித்துக்கொண்டே இருந்தது. வெளியே என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா? இருந்தால், தான் வைத்த புள்ளியும் அதுவும் ஒன்றுதானா? ஒத்துப் பார்க்க அவளுக்கு வழியே இல்லை.

கண்ணைத் தவிர வேறு சிலரும் சேதி கொண்டுவந்தார்கள். கால் தன் உதைப்பை எண்ணிச் சொல்லும். காதுக்குள் மூன்று சின்ன வளையங்களில் ஓடுகிற வளையநீர், தலை திரும்பினால் திரும்பினதைச் சொல்லும். இந்தக் காதில் ஒன்று, அந்தக் காதில் ஒன்று, இரண்டு வளையநீர். பொடிக்கல்லும் அங்கேயேதான். கூழில் பதிந்த சுண்ணாம்புத் தூள் அது. மணலைவிடப் பொடி. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"கீழ இந்தப் பக்கம்" என்று அது சொல்லும். கஸ்பார் நிமிர்ந்தாலும் படுத்தாலும் அதையேதான் சொல்லும்.

"இது ஒரு சேதியா?" என்று கண் சிரிக்கும். "கீழ எதுன்னு ஊருக்கே தெரியுமே."

"எனக்கு அதுதான் தெரியும்" என்று பொடிக்கல் சொல்லிவிட்டு இருந்துவிடும்.

ஒரு மாசி மாதக் காலையில் கஸ்பாரும் அவன் மச்சினன் தொம்மையும் சங்கெடுக்கப் போனார்கள். வள்ளத்தைப் பார்த்துக்கொள்ள மூத்த மச்சான் இன்னாசி வந்திருந்தார். இன்னாசிக்கு வள்ளம் ஓட்டத்தான் தெரியும், சங்கு குளிக்கத் தெரியாது. பத்துப் பாக ஆழத்தில், அதாவது அறுபதடியில், நங்கூரம் இறக்கினார்கள்.

கஸ்பார் சிலிண்டரை முதுகில் மாட்டும்போது இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினான். இன்னாசி கவனித்தார்.

"மாப்ள, ஒனக்குச் சளி பிடிச்சிருக்கு. காது அடைக்கும். இன்னிக்கு வேண்டாம், தொம்மை மட்டும் போவட்டும்."

"ஒத்தையில விடக்கூடாது மச்சான். ரெண்டு நாளுச் சளி, என்ன செஞ்சிரும்?"

"அத்தான் சொன்னாக் கேக்கவா போறாங்க?" என்று தொம்மை சிரித்தான். அக்காள் புருஷனோடு எட்டு வருஷமாகக் குளிக்கிறவன் அவன்.

இருவரும் நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கண்ணுக்குக் கொண்டாட்டம். "மணல் தெரியுது! பார் தெரியுது! தொம்மை எடது பக்கம் வாரான்!" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தது. புள்ளிக்காரி நங்கூரத்தின் அடியில் முதல் புள்ளியை வைத்தாள்.

கஸ்பார் கரைப்பக்கமாக மணலில் நீந்தினான். அங்கே மூன்று சங்கு கிடைத்தது. பிறகு தெற்கே திரும்பி, பார் என்கிற அந்தக் கடலடிப் பாறைத்திட்டின் ஓரமாகவே வெகுதூரம் போனான். அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி வளைந்து, பாரின் உயர்ந்த முதுகுமேல் ஏறினான். நேராக ஒரு பத்தடிகூடப் போகவில்லை. சங்கு தேடுகிறவன் போகிற போக்கு அப்படித்தான். ஆனால் ஒரு வளைவைக்கூடப் புள்ளிக்காரி தவறவிடவில்லை.

பாரின் முதுகுமேல் அவன் இருந்தபோது தண்ணீர் அதிர்ந்தது. எங்கோ ஒரு விசைப்படகு அடிமண்ணைக் கிளறி மடிவலை இழுத்துப் போகிறது. கண் அதைப் பார்த்தது. பழுப்புச் சுவர் ஒன்று கடலடியில் எழுந்து வந்துகொண்டிருந்தது.

"இது என்ன..." என்று கண் தொடங்கியது. அத்தோடு அதன் பேச்சு நின்றது.

கலங்கல் வந்து மூடிக்கொண்டது. நீட்டிய கை தெரியவில்லை. தொம்மை தெரியவில்லை. கஸ்பார் பாரின் மறுபக்கம் அவசரமாக இறங்கினான். அடைத்திருந்த இடது காதை ஆழம் நெருக்கியது. ஊசி பாய்ந்த மாதிரி ஒரு வலி. காதின் சவ்வு கிழிந்து குளிர்ந்த தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

அந்தக் குளிர் பட்டதும் இடது வளையநீர் வெறி பிடித்த மாதிரி ஓட ஆரம்பித்தது.

"சுத்துறான்! சுத்துறான்! தலகீழாச் சுத்துறான்!" என்று அலறியது.

மண்டைக்குள் எல்லாம் சுழன்றது. காவல்காரர்கள் ஒரே நேரத்தில் எழுந்து, "இங்க இருக்கான்!" "இல்ல, இங்க!" என்று தாறுமாறாகக் கத்தினார்கள். பிறகு எல்லோரும் ஒரேயடியாக வாயடைத்துப் போனார்கள். கஸ்பார் எங்கேயும் இல்லை.

காவல்காரர் தெருவுக்கு அடுத்த வீட்டில்தான் பயம் குடியிருந்தது. அது கதவை உடைத்துக்கொண்டு வந்தது.

"மேல போ! ஒடனே மேல போ!" என்று கால்களைப் பிடித்துக்கொண்டது.

"மேல எது?" என்றாள் புள்ளிக்காரி.

"எதா இருந்தா என்ன? போ!"

கால்கள் வெறித்தனமாக உதைத்தன. கஸ்பார் பாய்ந்தான். பாய்ந்த திசையில் கரடுமுரடான எதிலோ போய் மோதினான். பாரில் சிக்கிக் கிடந்த பழைய வலை அவன் மேல் தொங்கியது. அதிலிருந்து விலகும்போது அவன் கணுக்காலை எதுவோ இறுக்கிப் பிடித்தது. பயம் கிறீச்சிட்டது. கஸ்பார் மற்றக் காலால் அதை உதைத்தான். இரண்டு தரம், மூன்று தரம். பிடி விட்டது. அவன் அங்கிருந்து தப்பிப் பாய்ந்து, நடுத்தண்ணீரில் நின்றான்.

புள்ளிக்காரியின் கை மட்டும் நிற்கவில்லை. எது உண்மை என்று தெரியாமலே அவள் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். கால் உதைத்த ஒவ்வொரு உதைக்கும் ஒரு தட்டு. அந்த வேலையையும் நிறுத்திவிட்டால் கஸ்பார் என்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்கமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

பயம் மறுபடி காலைப் பிடித்தது. "இந்தப் பக்கந்தான் மேல! போ!"

அப்போது ஒரு சின்னக் குரல் சொன்னது. "அது கீழ."

பொடிக்கல்தான். யாரும் அதைக் கேட்கவில்லை. புள்ளிக்காரிக்குக் கேட்டது.

"என்ன சொன்ன?"

"தலை கீழ இருக்கு. பயம் போவச் சொல்றது கடலடிக்கு."

"பொய்! அவன் சுத்திக்கிட்டிருக்கான்!" என்று இடது வளையநீர் அலறியது.

புள்ளிக்காரி இருட்டில் ஒரு கணம் யோசித்தாள். அவள் வாழ்நாளில் இப்படி யோசித்ததில்லை. யார் என்ன சொன்னாலும் வாங்கிப் புள்ளியாக வைப்பதுதான் அவள் வழக்கம். யாரை நம்புவது என்று பார்க்கவேண்டி வந்ததே இல்லை.

அவள் வலது காதைக் கூப்பிட்டாள். "வளையநீரே, நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

வலது வளையநீர் கூச்சத்தோடு சொன்னது. "சொல்ல ஒண்ணும் இல்ல. நான் சும்மா நிக்கேன்."

"தலை சுத்துனா ரெண்டு பேருக்கும் தெரியுமே?"

"தெரியும். ஒரு நாளும் ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சதில்ல."

"பொடிக்கல்லே, அந்தக் காதுல இருக்குற உன் ஜோடி என்ன சொல்லுது?"

"நான் சொல்றதத்தான் சொல்லுது."

புள்ளிக்காரிக்கு ஒரு வழி திறந்தது. ஒருவர் அலறுகிறார், அவருடைய ஜோடி சும்மா இருக்கிறது. இன்னொருவர் மெல்லப் பேசுகிறார், அவருடைய ஜோடியும் அதையே பேசுகிறது. அவள் இன்னும் ஒரு சாட்சி தேடினாள். தோலைக் கூப்பிட்டாள்.

"மூச்சு விடுற குமிழி எங்க போவுது?"

"தாடையத் தாண்டி நெஞ்சுப் பக்கமா போவுது" என்றது தோல். "நெஞ்சத் தாண்டிக் காலுப் பக்கம்."

குமிழி பொய் சொல்லாது. அது மேலேதான் போகும். அப்படியானால் மேலே என்பது காலுக்கு அந்தப் பக்கம்.

"இவனத் திருப்புங்க" என்றாள் புள்ளிக்காரி.

"சாவப் போறோம்!" என்றது பயம்.

"சாவலாம். ஆனா குமிழி பின்னாடி போய்ச் சாவலாம்."

கஸ்பாருக்கு உள்ளே நடந்த இந்தச் சண்டை எதுவும் தெரியாது. தலை சுழன்றது, ஆனாலும் எங்கிருந்தோ ஒரு அமைதி வந்து கால்களை நிறுத்தியது என்பது மட்டும் தெரிந்தது. அவன் உடம்பைத் திருப்பினான். கன்னத்தில் கையை வைத்துக் குமிழி நெற்றிப் பக்கம் ஓடுவதைத் தொட்டுப் பார்த்தான். மூச்சை விட்டுக்கொண்டே, குமிழிகளை முந்தாமல், மெதுவாக ஏறினான்.

ஏற ஏறக் காதுக்குள் பாய்ந்த தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுத்தது. இடது வளையநீரின் ஓட்டம் குறைந்தது.

"சுத்துற மாதிரியேதான் இருந்துச்சு" என்று அது முனகியது.

"நீ பொய் சொல்லல. ஒனக்கு அப்படித் தெரிஞ்சிருக்கு" என்றாள் புள்ளிக்காரி.

தலை தண்ணீருக்கு வெளியே வந்தது. கஸ்பார் வள்ளத்தைத் தேடவில்லை. கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே நேராக இடது தோள்பக்கம் திரும்பினான். அப்புறந்தான் கண் விழித்தது.

கண் ஒரு தரம் சிமிட்டிப் பார்த்தது.

"என்ன தெரியுது?" என்று கேட்டாள் புள்ளிக்காரி.

"வள்ளம்."

"எங்க?"

"நீ வச்சிருக்குற எடத்துல" என்றது கண். அதன் குரலில் அந்தப் பழைய வாய் இல்லை. "நான் ஒண்ணுமே சொல்லல. இருந்தும் நீ வச்ச எடத்துலேயே இருக்கு."

அத்தனை வளைவு, அத்தனை திருப்பம், அந்தக் கலங்கல், அந்தச் சுழற்சி எல்லாவற்றுக்கும் பிறகு, இருட்டில் அவள் வைத்த கடைசிப் புள்ளிமேல் ஒரு நிஜக் கடல் வந்து சரியாக உட்கார்ந்திருந்தது. வெளியே என்று ஒன்று இருக்கிறது! அது அவளுக்குத் தெரியாமலே அவளோடு ஒத்துப்போகிறது!

ஆனால் அந்த வியப்பில் நிற்க நேரமில்லை.

"தொம்மை எங்க?" என்று இன்னாசி வள்ளத்தின் விளிம்பில் குனிந்து கத்தினார்.

கஸ்பார் வள்ளத்தில் ஏறி விழுந்தான். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. "மேல வரலியா?"

"வரலியே மாப்ள! நீ மட்டுந்தான் வந்திருக்க!"

இருவரும் கடலைப் பார்த்தார்கள். காற்று எழும்பி அலையெல்லாம் நுரைத்துக் கிடந்தது. எது மூச்சுக் குமிழி, எது அலை நுரை என்று பிரிக்க முடியவில்லை. இன்னாசி மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவன் சிலிண்டர்ல இன்னும் இருவது நிமிசத்துக்குத்தான் காத்து இருக்கும்."

கஸ்பார் காலை நீட்டி உட்கார்ந்தான். கணுக்காலில் எரிந்தது. குனிந்து பார்த்தான். அங்கே தோல் கீறி நான்கு சிவந்த பிறைகள் இருந்தன. அவற்றுக்கு எதிர்ப்புறம் ஒன்று.

வலை கோடு கிழிக்கும். வலைக்கு நகம் ஏது?

"மாதாவே" என்றான் கஸ்பார். "மச்சான், அது அவன் கை. நான் அவன் கைய ஒதைச்சிட்டு வந்துட்டேன்."

இன்னாசி அவனைப் பார்த்தார். அவன் தோளைப் பிடித்தார். "எங்க? எந்த எடத்துல?"

"தெரியல மச்சான். கண்ணே தெரியல. தல சுத்துச்சு."

"யோசிச்சுப் பாரு மாப்ள. கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

கஸ்பார் வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். அவன் உடம்பு ஓர் அங்குலமும் அசையவில்லை.

உள்ளே ஒரு காவல்காரன் எழுந்து, "இங்க இருந்தான்!" என்றான். கஸ்பார் கடைசியாக நீர்மட்டத்தில் தலைதூக்கிய இடத்துக்காரன் அவன். அவன் சொல்லி முடிப்பதற்குள் அதற்கு முந்தின இடத்துக்காரன், அதற்கும் முந்தினவன். குரல்கள் பின்னோக்கி ஓடின. நீர்மட்டம், நடுத்தண்ணீர், வலை, பாரின் மறுபக்கம், பாரின் முதுகு, பாரின் ஓரம், மணல், நங்கூரம். அரைமணி நேரம் போன வழி ஒரு நொடிக்குள் ஓடி முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடியது.

புள்ளிக்காரி திகைத்துப் போனாள். "அவன் அசையவே இல்லையே! நீங்க யாருக்காகக் கூப்பிடுறீங்க?"

"தெரியல" என்றான் நங்கூரத்துக் காவல்காரன். "இவன் நின்னா எங்களுக்கு ஓட்டம் வருது."

அந்த ஓட்டத்துக்கு நடுவே புள்ளிக்காரி இதுவரை கேட்டிராத ஒரு குரல் எழுந்தது. "இங்க இருக்கான்" என்றது அது. அமைதியாக, திரும்பத் திரும்ப. அது வலைப் பக்கத்திலிருந்து வந்தது.

"அங்க கஸ்பார் இல்லையே" என்றாள் அவள். "கஸ்பார் வள்ளத்துல இருக்கான். நீ தப்பாச் சொல்ற."

"நான் கஸ்பாருக்குக் காவல் இல்ல" என்றது அந்தக் குரல். "நான் தொம்மைக்குக் காவல்."

"கஸ்பார் மண்டைக்குள்ளயா?"

"எட்டு வருசமா இங்கதான் இருக்கேன். அவன் எடது பக்கம் வந்தா எடது பக்கம்னு சொல்லுவேன். பின்தங்குனா பின்தங்குனான்னு சொல்லுவேன். நீங்க எல்லாரும் கஸ்பார் எங்கன்னே பாத்துக்கிட்டு இருந்தீங்க. என் சத்தம் ஒங்களுக்குக் கேக்கல."

ஒரு மனிதனின் தலைக்குள், அவன் இருக்கும் இடத்தைத் தவிர, இன்னொரு மனிதன் இருக்கும் இடத்துக்கும் ஒருவன் விழித்திருக்கிறான்! இத்தனை வருஷம் ஒரே இருட்டில் இருந்தும் அவளுக்கு இது தெரியாது.

அவள் தன் புள்ளிகளின் மேலாகப் பார்த்தாள். நங்கூரத்தில் முதல் புள்ளி. தூரத்தில் அந்தக் குரல். நடுவே கஸ்பார் சுற்றி அலைந்த வளைவுகள். அந்த வளைவுகளை விட்டுவிட்டு, முதல் புள்ளிக்கும் அந்தக் குரலுக்கும் நடுவே அவள் ஒரு கோடு இழுத்தாள். அது நேராக இருந்தது. அந்தக் கோட்டில் கஸ்பார் ஒரு முழம்கூட நீந்தியதில்லை.

நடந்த பிறகு புள்ளி வைப்பவள்தான் அவள். நடக்காத வழிக்குப் புள்ளி வைத்தது அன்றுதான்.

கஸ்பார் கண்ணைத் திறந்தான். "கத்திய எடுங்க மச்சான். மாத்துச் சிலிண்டரயும்."

"காதுல ரத்தம் வருதே மாப்ள. மறுபடி சுத்துனா என்ன செய்வ?"

"சுத்தத்தான் செய்யும். சுத்துனாலும் போவேன்."

அவன் நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினான். பாதி ஆழத்துக்குக் கீழே கலங்கல். அடியில் இருட்டு. கிழிந்த காதில் மறுபடி குளிர்ந்த தண்ணீர் ஏறியது. இடது வளையநீர் கெஞ்சும் குரலில் சொன்னது. "நான் மறுபடி கத்தப் போறேன். எனக்கு அடக்க முடியல."

"கத்து. நான் கேக்கமாட்டேன். கோவிச்சுக்காத" என்றாள் புள்ளிக்காரி.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டது கண். அப்படி அது கேட்டதே கிடையாது.

"கலங்கலப் பாத்துப் பயமுறுத்தாம இரு. அது போதும்."

கஸ்பார் நங்கூரத்தைத் தொட்டான். சுழற்சி வந்தது. அவன் நங்கூரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு அது கொஞ்சம் தணியும்வரை கிடந்தான். பிறகு கையை விட்டான்.

நேராக நீந்தினான். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. பொடிக்கல் தன் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தது. நீரோட்டம் வலப்பக்கமிருந்து தள்ளுகிறது என்றது தோல். புள்ளிக்காரி அந்தத் தள்ளலுக்கு ஏற்ப அவனைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தாள். பயமும் கூடவே வந்தது. ஆனால் காலைப் பிடிக்காமல், பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது.

இருபது தட்டு. முப்பது. தொம்மையின் காவல்காரன் மட்டும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். குரல் உரத்துக்கொண்டே வந்தது. நாற்பத்தோராவது தட்டில் அவன், "இங்க" என்றான்.

கஸ்பார் ஒன்றும் தெரியாத இருட்டுக்குள் கையை நீட்டினான். துழாவுவதற்கு அவசியமே வரவில்லை. எதிரே நீண்டிருந்த இன்னொரு கை அவன் கையைப் பற்றிக்கொண்டது.

வலை தொம்மையின் சிலிண்டரையும் தொடையையும் சுற்றி இறுகியிருந்தது. கஸ்பார் விரலாலேயே கயிற்றைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக அறுத்தான். தொம்மையின் மூச்சு இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. கஸ்பார் மாற்றுச் சிலிண்டரின் குழாயை அவன் வாயில் வைத்தான். கடைசிக் கயிறு அறுந்ததும் இருவரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, குமிழிகளுக்குப் பின்னால் ஏறினார்கள்.

இன்னாசி தம்பியை அள்ளி வள்ளத்துக்குள் போட்டார். அவன் முதுகைத் தடவினார், அழுதார், கஸ்பாரின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். பிறகு யாருக்கும் முகம் காட்டாமல் நங்கூரம் தூக்கப் போய்விட்டார்.

தொம்மை கொஞ்ச நேரம் இருமினான். கஸ்பார் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"லேய், நீ காலப் பிடிச்சப்ப நான் ஒதைச்சேன். வலைன்னு நெனச்சு ஒதைச்சிட்டேன்."

"தெரியும் அத்தான்."

"ஒனக்குக் கோவம் இல்லியா?"

"அப்ப வந்துச்சு. நல்லா ஏசுனேன். சிலிண்டர் குழாய வாயில வச்சுக்கிட்டு ஏசுனா யாருக்குக் கேக்கும்?" தொம்மை சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்தது. "என்ன எப்படி அத்தான் கண்டுபிடிச்சீங்க? அங்க ஒரு மண்ணும் தெரியல."

கஸ்பார் யோசித்தான். "எனக்கும் ஒண்ணும் தெரியல. ஆனா நீ இருந்த எடம் தெரிஞ்சுது."

தொம்மை தலையாட்டினான். அவனுக்கு அது ஆச்சரியமாக இல்லை.

"எனக்கும் அப்படித்தான்" என்றான். "நீங்க எந்தப் பக்கமா வருவீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதான் அந்தப் பக்கம் கைய நீட்டி வச்சிருந்தேன்."

இன்னாசி வள்ளத்தைக் கரைப்பக்கம் திருப்பினார். களைத்துப்போன இருவரும் வெயிலில் தோளோடு தோள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைகளுக்கு நடுவே ஒரு சாண் தூரம்தான் இருந்தது.

உள்ளே புள்ளிக்காரி அந்த ஒரு சாண் தூரத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவளால் அதைப் பார்க்க முடியாது, கடக்கவும் முடியாது. ஆனால் அதற்கு அப்பால், தொம்மையின் மண்டைக்குள், அவளைப் போலவே எதையும் பார்த்திராத ஒருத்தி, அதே கும்மிருட்டில், கஸ்பார் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தாள்.